உள்செவியில் மட்டும் பொட்டாசியம் உள்ளே வருவது ஏன்?

2024 பிப்ரவரி 4, காலை
வாசகர் கேள்வி: நரம்புச் செல்லின் சவ்வில் அயனிகள் செல்லும் கால்வாய் திறந்தால் சோடியம் உள்ளே பாயும், பொட்டாசியம் வெளியே போகும் என்றுதான் படித்திருக்கிறேன். காதில் ஒலியை உணரும் முடிச்செல்லில் பொட்டாசியம் உள்ளே பாய்ந்து செல்லைத் தூண்டுகிறது என்று ஒரு பாடநூல் சொல்கிறது. அடுத்த பக்கத்திலேயே, அதே பொட்டாசியம் வெளியேறிச் செல்லை அமைதிப்படுத்துகிறது என்றும் சொல்கிறது. ஒரே செல், ஒரே அயனி, இரண்டு திசை. இது அச்சுப் பிழையா?

பிப்ரவரி 4, இரவு
அச்சுப் பிழையன்று, இரண்டு வாக்கியங்களும் சரியானவை. முடிச்செல்லின் தலை ஒரு நீரிலும் உடல் வேறொரு நீரிலும் இருக்கின்றன என்பதைப் பாடநூல்கள் அழுத்திச் சொல்லாமல் போவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. தலைப்பக்கம் இருப்பது அகநிணநீர். அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 150 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கும், சோடியமோ 1 மில்லிமோல் அளவுதான். உடற்பக்கம் இருப்பது புறநிணநீர். அதில் சோடியம் 140 மில்லிமோல் அளவுக்கு நிறைந்திருக்கும், பொட்டாசியம் 5 மில்லிமோலைச் சுற்றியே நிற்கும்.

தலைப்பக்கத்தில் செல்லின் உள்ளேயும் வெளியேயும் பொட்டாசியத்தின் செறிவு கிட்டத்தட்டச் சமம் என்பதால், செறிவு வேறுபாடு அங்கே எதையும் தள்ளுவதில்லை. தள்ளுவது மின்னழுத்தம். அகநிணநீர் +80 மில்லிவோல்ட் அளவில் இருக்கிறது, உள்வரிசை முடிச்செல்லின் உட்புறமோ –55 மில்லிவோல்ட்டை ஒட்டி இருக்கிறது. இரண்டுக்கும் இடையே 135 மில்லிவோல்ட் இழுவிசை எந்நேரமும் காத்திருக்கிறது. கதவு திறந்தவுடன் அங்கே மிகுந்திருக்கும் நேர்மின் அயனி உள்ளே வருகிறது, அது பொட்டாசியமாக இருக்கிறது, அவ்வளவுதான். உடற்பக்கத்தில் நிலைமை வேறு. செல்லுக்குள் 140, வெளியே 5. அதனால் அங்குள்ள வேறு கால்வாய்களின் வழியே, சரிவில் இறங்கும் தண்ணீரைப் போல, பொட்டாசியம் தானாக வெளியேறுகிறது. நுழைவதற்கும் முடிச்செல் செலவழிப்பதில்லை, வெளியேறுவதற்கும் செலவழிப்பதில்லை. செலவு முழுவதையும் ஏற்பது, உள்செவியில் ஒலியை உணரும் சுருள் உறுப்பான காக்ளியாவின் பக்கச் சுவரில் இரத்தக் குழாய்கள் அடர்ந்து கிடக்கும் ஸ்ட்ரியா என்னும் திசு.

அந்த +80ஐ 1952இல் கினிப்பன்றியின் காதில் அளந்து காட்டியவர் பெக்கெஷி. அதை உண்டாக்குவது ஸ்ட்ரியாவின் விளிம்புச் செல்களில் உள்ள கே.சி.என்.க்யூ.1 என்னும் பொட்டாசியக் கால்வாய்.

பிப்ரவரி 5
முடி என்றால் தலைமுடி போன்றதா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. ஆக்டின் புரத இழைகள் அடைத்த விறைப்பான நுண்விரல்கள் அவை, நுண்முடிகள் என்பது அவற்றின் பெயர், படிக்கட்டு போல ஒன்றைவிட மற்றொன்று உயரமாக வரிசையாக நிற்கின்றன. மனிதருக்கு ஒரு காதில் உள்வரிசை முடிச்செல்கள் சுமார் 3,500, வெளிவரிசை முடிச்செல்கள் சுமார் 12,000. பாலூட்டிகளின் காக்ளியாவில் இவை இறந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பறவைகளுக்கு முளைக்கின்றன.

பிப்ரவரி 7
கதவு எப்படித் திறக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தேன். குட்டையான நுண்முடியின் உச்சியிலிருந்து அடுத்த உயரமான நுண்முடியின் பக்கவாட்டுக்கு ஒரு மெல்லிய இழை ஏறிச் செல்கிறது. 1984இல் மின்னணு நுண்ணோக்கியில் கண்டறியப்பட்ட இந்த முனை இழையின் மேற்பகுதி கேட்ஹெரின் 23 என்னும் புரதத்தாலும் கீழ்ப்பகுதி புரோட்டோகேட்ஹெரின் 15 என்னும் புரதத்தாலும் ஆனவை. நுண்முடிக் கட்டு உயரமான வரிசையின் பக்கம் சாயும்போது இழை இறுகிக் கால்வாயை இழுத்துத் திறக்கிறது, மறுபக்கம் சாய்ந்தால் இழை தளர்ந்து கால்வாய் மூடுகிறது. இடையில் எந்த வேதித் தூதுவரும் இல்லை. கண்ணின் ஒளியுணர் செல் ஒளியைப் பெற்றதிலிருந்து கால்வாயை மூடும் வரை பல நொதிகளைக் கடந்து செல்ல வேண்டியிருப்பதால் அதற்குப் பல மில்லிவினாடிகள் பிடிக்கின்றன. கோரியும் ஹட்ஸ்பெத்தும் 1979இல் காளைத்தவளையின் முடிச்செல்லில் அளந்த தாமதமோ மைக்ரோவினாடிகளில், அதாவது 40 மைக்ரோவினாடி அளவில்தான் இருந்தது. அந்த வேகத்திற்கு நேரடியாக இழுத்துத் திறக்கும் கதவைத் தவிர வேறு விளக்கம் பொருந்தவில்லை.

நான் இதைக் கையால் செய்து பார்த்தவன் என்பதால் ஒரு காட்சியைச் சொல்கிறேன். பிறந்து ஆறு நாளான எலிக்குட்டியின் காக்ளியாவைப் பிரித்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், வெளிவரிசை முடிச்செல்களின் நுண்முடிக் கட்டுகள் மூன்று வரிசையாக, பறக்கும் பறவையைக் குழந்தை வரைந்தது போல, தலைகீழ் வளைவுகளாகத் தெரியும். ஒரு செல்லின் பக்கவாட்டில் கண்ணாடி நுண்குழாயை ஒட்டவைத்து மின்னோட்டத்தை அளந்துகொண்டே, இன்னொரு குழாயிலிருந்து திரவத்தை மெல்லத் தள்ளி இழுத்தால் கட்டு ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவாக அசையும். கண்ணுக்கு அது அசைவென்றே தோன்றாது. ஆனால் திரையில் கோடு சட்டென்று கீழே விழும், கட்டு திரும்பியதும் மேலே வரும். முதன்முறை அதைப் பார்த்த அன்று அதே செல்லை அரை மணி நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தேன், பதிவு செய்ய வேண்டியது எப்போதோ முடிந்திருந்தது.

பிப்ரவரி 8
4ஆம் தேதிக் குறிப்பின் கடைசி வாக்கியம் தவறு. மருத்துவ மாணவர் ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வதே சரி. கே.சி.என்.க்யூ.1 பொட்டாசியத்தை அகநிணநீருக்குள் இறைக்கும் வாசல். 80 மில்லிவோல்ட்டின் பெரும்பகுதி பிறப்பதோ அதற்கு ஒரு அடுக்கு பின்னால், ஸ்ட்ரியாவின் இடைநிலைச் செல்களில் உள்ள கே.ஐ.ஆர்.4.1 என்னும் கால்வாயில். இடைநிலைச் செல்லுக்குள் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. அதற்கும் விளிம்புச் செல்லுக்கும் நடுவில் உள்ள குறுகிய இடைவெளியில் பொட்டாசியம் மிகக் குறைவு, ஏனென்றால் விளிம்புச் செல் தன் பம்புகளால் அதை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. இந்தச் சரிவில் பொட்டாசியம் கசியும்போது எழும் மின்னழுத்தமே அகநிணநீரின் மின்னழுத்தமாக வெளியே தெரிகிறது. கே.ஐ.ஆர்.4.1 மரபணு நீக்கப்பட்ட எலிகளில் அந்த +80 உருவாவதே இல்லை.

செறிவை உண்டாக்குவதும் மின்னழுத்தத்தை உண்டாக்குவதும் ஒரே திசுவின் இரு வேறு வேலைகள், நான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். ஃபுரோசிமைடு என்னும் சிறுநீர்ப் பெருக்கி மருந்தை அதிக அளவில் இரத்தக் குழாயில் விரைவாக ஏற்றினால் சிலருக்குச் சில மணி நேரம் காது மந்தமாவதும் இங்கிருந்துதான் வருகிறது. விளிம்புச் செல் பொட்டாசியத்தை உறிஞ்ச உதவும் கடத்தியை அது தடுக்கிறது, மின்னழுத்தம் சரிகிறது, முடிச்செல்கள் நலமாக இருந்தும் அவற்றை இயக்கும் இழுவிசை குறைந்துவிடுகிறது. மருந்து வெளியேறியதும் பெரும்பாலும் கேள்திறன் திரும்பிவிடும்.

பிப்ரவரி 12
இதை எழுதத் தொடங்கியதிலிருந்து ஒன்று என்னை உறுத்துகிறது. 7ஆம் தேதி நான் விவரித்த காட்சியில், திரையில் கோட்டைக் கீழே இறக்கியது பொட்டாசியம் அன்று, சோடியம்.

காக்ளியாவைப் பிரித்தெடுத்த கணமே அகநிணநீர் சிந்திப் போய்விடுகிறது, ஆக்சிஜன் நின்றதும் ஸ்ட்ரியாவின் மின்னழுத்தமும் மறைந்துவிடுகிறது. பிறகு செல்லின் தலையும் உடலும் ஒரே உப்புநீரில்தான் கிடக்கின்றன, அந்த உப்புநீர் சோடியம் நிறைந்தது. இழுவிசையை நாங்கள்தான் கருவியால் உண்டாக்கினோம். நுண்முடியின் கால்வாய் நேர்மின் அயனிகளுக்குள் பெரிதாகப் பேதம் பார்ப்பதில்லை என்பதால் சோடியமும் அதே வழியில் ஓடியது, கோடும் அதேபோல விழுந்தது. பல ஆண்டுகளாகப் பொட்டாசியம் நுழைகிறது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டே சோடியத்தை அளந்துகொண்டிருந்தோம். முடிவுகள் இதனால் தவறாகவில்லை. ஆனால் கேள்வி கேட்ட வாசகருக்கு இது முக்கியம். பொட்டாசியத்தை உள்ளே அனுப்புவது அந்தக் கால்வாயின் விருப்பம் அன்று, அதைச் சூழ்ந்திருக்கும் நீரின் அமைப்பு.

பொட்டாசியத்தையே பயன்படுத்துவதால் செல்லுக்கு என்ன ஆதாயம் என்று அவர் அடுத்துக் கேட்கிறார். சோடியம் நுழைந்திருந்தால் அதை வெளியேற்ற முடிச்செல் தன் சொந்த ஆற்றலைச் செலவிட்டுப் பம்பை இயக்க வேண்டியிருக்கும், ஒலி நிற்காத இடத்தில் அந்தப் பம்பும் நிற்க முடியாது. அவ்வளவு ஆற்றலுக்கு அருகிலேயே நிறைய இரத்தக் குழாய்கள் வேண்டும். அணுவின் அளவுக்குச் சிறிய அசைவை உணர வேண்டிய செல்லின் பக்கத்தில் நாடித் துடிப்பு அதிர்ந்துகொண்டிருந்தால் அதுவே இரைச்சலாகிவிடும். இரத்தக் குழாய்களை ஒதுக்கிப் பக்கச் சுவரில் வைத்து, மின்னழுத்தத்தை மட்டும் நீரின் வழியே அனுப்பும் ஏற்பாடு இதற்காகத்தான் என்ற கருத்து எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது.

பிப்ரவரி 13
முடிச்செல்லில் உள்ள பிரெஸ்டினும் இப்படியொரு கால்வாயா என்று கேட்பவர்களுக்கு: பிரெஸ்டின் அயனிக் கால்வாய் அன்று. வெளிவரிசை முடிச்செல்லின் பக்கச் சவ்வில் இருந்துகொண்டு, மின்னழுத்தம் மாறும்போதெல்லாம் செல்லின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் புரதம் அது, 2000இல் அடையாளம் காணப்பட்டது. கால்வாய் தரும் மின்னழுத்த மாற்றத்தை அது அசைவாக்கி ஒலியைப் பெருக்குகிறது. இங்கே அதற்கு இதற்கு மேல் இடமில்லை.

பிப்ரவரி 18
முனை இழை இழுத்துத் திறக்கும் அந்த நுண்முடிக் கால்வாயின் புரதம் எது என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் என் இளமைக்காலம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

நான் ஆய்வு மாணவனாக இருந்த 2004இல் டி.ஆர்.பி.ஏ.1 என்னும் கால்வாய்தான் அது என்று ஒரு வலுவான கட்டுரை வந்தது, எங்கள் ஆய்வகச் சுவரில் இருந்த படத்தில் அந்தப் பெயரை எழுதி ஒட்டினோம். 2006இல் அந்த மரபணு நீக்கப்பட்ட எலிகள் வந்தன. அவற்றுக்குக் காது நன்றாகக் கேட்டது. பெயரைக் கிழித்துவிட்டுக் கேள்விக்குறி போட்டோம், அந்தக் கேள்விக்குறி பல ஆண்டுகள் அங்கேயே இருந்தது. இத்தனைக்கும் சரியான விடை 2002லேயே வெளியாகியிருந்தது. மனிதரில் பரம்பரைச் செவிட்டுத்தன்மைக்கும் எலிகளில் காது கேளாமைக்கும் காரணமாக டி.எம்.சி.1 என்னும் மரபணு அப்போதே கண்டறியப்பட்டிருந்தது, ஆனால் அது கால்வாயா, கால்வாய்க்குத் துணையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வேறு செல்களில் வைத்துச் சோதிக்கலாம் என்றால் அது சவ்வின் மேற்பரப்புக்கே வர மறுத்தது. 2018இல் அந்தப் புரதத்தின் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றிய இடத்தில் வேதிப்பொருளை ஒட்டவைத்தால் மின்னோட்டம் குறைகிறது என்று எலியின் முடிச்செல்லிலேயே காட்டினார்கள். துளையின் சுவர் அதுதான் என்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டது அதன் பிறகே. 2022இல் அதன் உறவுப் புரதத்தின் வடிவம் ஒரு சிறு உருளைப்புழுவிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குச் சுமார் 6 கோடிப் புழுக்களை வளர்க்க வேண்டியிருந்தது. ஒரு நுண்முடியின் உச்சியில் இருப்பது ஒன்றிரண்டு கால்வாய்கள்தான் என்பதால், விலங்கின் காதிலிருந்து போதிய அளவு பிரித்தெடுப்பது அத்தனை கடினம்.

இன்னொரு திருத்தம். முனை இழையின் மேல் முனையிலும் கால்வாய் இருக்கிறது என்று மாணவப் பருவத்தில் படித்ததை இன்றும் சிலர் எழுதுகிறார்கள். 2009இல் அதிவேகக் கால்சியப் படப்பிடிப்பில், மிக உயரமான வரிசையின் நுண்முடிகளில் கால்சியம் நுழையவே இல்லை என்று தெரிந்தது. ஆகவே கால்வாய் இழையின் கீழ் முனையில், குட்டையான நுண்முடியின் உச்சியில் மட்டுமே இருக்கிறது.

பிப்ரவரி 20
பேதம் பார்க்காத கதவு என்று 12ஆம் தேதி எழுதியதை இன்று விரித்து எழுத வேண்டும். இந்தக் குறிப்புத் தொடரில் நான் உண்மையில் சொல்ல வந்தது அதுதான்.

அமினோகிளைக்கோசைடு வகை நுண்ணுயிர்க்கொல்லிகள், அதாவது ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் போன்றவை, பல நேர்மின்னூட்டங்களைச் சுமந்த மூலக்கூறுகள். நுண்முடிக் கால்வாயின் துளை அவை நுழைந்து செல்லும் அளவுக்கு அகலமானது. 135 மில்லிவோல்ட் இழுவிசை பொட்டாசியத்தை இழுப்பதைப் போலவே அவற்றையும் இழுக்கிறது. துளைக்குள் அவை சற்று நேரம் சிக்கி நிற்பதால் மின்னோட்டம் தடைப்படுகிறது, பிறகு மெல்லச் செல்லுக்குள் நழுவிவிடுகின்றன. உட்புறம் எதிர்மின்னழுத்தத்தில் இருப்பதால் அதே வழியில் திரும்பி வர முடிவதில்லை. உடலின் மற்ற செல்கள் பெரும்பாலும் தப்பிக்க, சிறுநீரகமும் உள்செவியும் மட்டும் அடிபடுவதற்கு உள்செவியின் பங்கில் இதுவே முதன்மையான காரணம். ஆய்வகத்தில் எப்.எம்.1-43 என்னும் ஒளிரும் சாயத்தை உப்புநீரில் விட்டால், சில வினாடிகளில் முடிச்செல்கள் மட்டும் ஒவ்வொன்றாக ஒளி பெறும், அருகிலுள்ள தாங்குசெல்கள் இருளாகவே கிடக்கும். சாயம் போகும் வழியும் மருந்து போகும் வழியும் ஒன்றே. அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.

ஏனென்றால் எனக்கு 22 வயதில் நுரையீரல் தொற்றுக்காக இரண்டு வாரம் அமிகாசின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்பு, பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி ஒலியில்லாமல் ஓடிக்கொண்டிருந்தாலும் அடுத்த அறையிலிருந்தே எனக்குத் தெரியும், அதன் 15,625 ஹெர்ட்ஸ் ஊளை மெல்லிய ஊசி போலக் காதில் குத்தும். ஊசிகள் முடிந்து சில மாதங்கள் கழித்து, தொலைக்காட்சிக்கு எதிரே அமர்ந்திருந்தபோது அந்த ஊளை இல்லை என்பதைக் கவனித்தேன். காக்ளியாவின் அடிப்பகுதியில், மிக உயர்ந்த சுருதிகளை ஏற்கும் வெளிவரிசை முடிச்செல்களே இந்த மருந்துக்கு முதலில் பலியாகின்றன. மருந்து கொடுத்த மருத்துவமனையில் முன்பும் பின்பும் யாரும் என் கேள்திறனைச் சோதிக்கவில்லை, சோதிக்க வேண்டும் என்று சொல்லவும் இல்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

பிப்ரவரி 21
நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, தன் குழந்தைக்கு இந்த மருந்தை மறுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்கிறார். தயவு செய்து மறுக்க வேண்டாம். கடுமையான தொற்றில் இவை உயிரைக் காப்பவை, என் உயிரையும் காத்திருக்கக்கூடும். மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: மருந்தைத் தொடங்கும் முன்போ தொடங்கிய உடனோ ஒரு கேள்திறன் சோதனை செய்ய முடியுமா, இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பார்களா, தாய்வழி உறவினரில் யாருக்காவது இப்படி ஊசிக்குப் பின் காது போனதுண்டா என்று அவர்கள் விசாரித்தார்களா. மூன்றாவது கேள்விக்குக் காரணம் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் மரபுப்பொருளில் 1555ஆம் இடத்தில் ஏ என்பது ஜி ஆக மாறியிருப்பவர்களுக்கு வழக்கமான அளவு மருந்தே காதைப் பறித்துவிடலாம், அந்த மாற்றம் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. ஜென்டாமைசினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கேள்திறனைவிட உடற்சமநிலையை அதிகம் தாக்குகின்றன என்பதால், நடக்கும்போது தள்ளாட்டம் வந்தாலும் உடனே சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 26
கே.சி.என்.க்யூ.1 பற்றித் தவறாக எழுதித் திருத்திய பிறகு, அதன் முக்கியமான பக்கத்தைச் சொல்லவே இல்லை என்று தோன்றியது. அதே கால்வாய் இதயத் தசையிலும் இருக்கிறது, ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் தசைச் செல்லை ஓய்வு நிலைக்குத் திருப்ப உதவுகிறது. 1957இல் நார்வேயில் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்னும் இரு மருத்துவர்கள் ஒரே குடும்பத்தில் பிறவியிலேயே காது கேளாத நான்கு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் அடிக்கடி மயங்கி விழுந்தார்கள், மூவர் திடீரென இறந்துபோனார்கள். அந்தக் கால்வாயின் இரண்டு பிரதிகளும் பழுதாகும்போது அகநிணநீர் பொட்டாசியம் இன்றி வற்றுகிறது, இதயத்தின் மின்வரைபடத்தில், தசை ஓய்வு நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் காட்டும் க்யூ-டி இடைவெளி நீள்கிறது. காது கேளாத குழந்தை ஓடும்போதோ பயப்படும்போதோ மயங்கி விழுந்தால் அதை வலிப்பு என்று முடிவுகட்டுவதற்கு முன் இதய மின்வரைபடம் எடுக்கச் சொல்லுங்கள்.

மார்ச் 2
வெளியேறிய பொட்டாசியம் தாங்குசெல்களின் இணைப்புத் துளைகள் வழியே ஸ்ட்ரியாவுக்குத் திரும்பி மறுபடி பயன்படுகிறது என்ற மறுசுழற்சிப் படம் எல்லா நூல்களிலும் இருக்கிறது. நானும் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அதன் இரு முனைகளும் உறுதியானவை: வெளிவரிசைச் செல்லின் அடியில் உள்ள கே.சி.என்.க்யூ.4 வழியே பொட்டாசியம் வெளியேறுகிறது, அகநிணநீரின் பொட்டாசியம் இரத்தத்திலிருந்து நேராக வராமல் புறநிணநீரிலிருந்தே வருகிறது. நடுவில் உள்ள பாதை, எந்தச் செல்லில் எந்தப் புரதம் இருக்கிறது என்பதை வைத்து ஊகித்தது. அந்த இணைப்புத் துளைகளை அமைக்கும் கனெக்சின் 26 என்னும் புரதம் பழுதானால் காது கேளாது என்பது 1997 முதல் தெரியும், பிறவிக் கேளாமைக்குப் பல மக்களிடையே மிகப் பரவலான மரபுக் காரணம் அதுவே. ஆனால் அது பொட்டாசியப் பாதை அடைபட்டதால் மட்டுமே என்று சொல்லிவிட முடியாது, அந்த இணைப்புகள் காக்ளியாவின் வளர்ச்சிக்கும் தேவைப்படுகின்றன. இனி அந்தப் படத்தின் நடுப்பகுதியைப் புள்ளிக்கோடாக வரையப் போகிறேன்.

மார்ச் 3
ஓட்டோஃபெர்லின் மரபணு சிகிச்சை பற்றிக் கேட்டவருக்கு: கடந்த ஜனவரியில் வெளியான முடிவில், அந்த மரபணு பழுதாகிக் காது கேளாமல் இருந்த ஆறு குழந்தைகளில் ஐவருக்குக் கேள்திறன் திரும்பியது. ஓட்டோஃபெர்லின் கால்வாய் அன்று. முடிச்செல்லின் அடியில் சி.ஏ.வி.1.3 என்னும் கால்சியக் கால்வாய் திறந்ததும் உள்ளே வரும் கால்சியத்தை உணர்ந்து, நரம்புக்குச் செய்திப் பொருளை வெளியிடச் செய்யும் புரதம் அது. அந்தக் குழந்தைகளிடம் முடிச்செல்லும் நுண்முடியும் கால்வாயும் பழுதில்லாமல் இருந்தன, கடைசிப் படி மட்டும் இல்லை, அதனால்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது. என்னைப் போல முடிச்செல்லே அழிந்தவர்களுக்கு அந்த வழி உதவாது.

மார்ச் 9
"என்னைப் போல முடிச்செல்லே அழிந்தவர்களுக்கு" என்று எழுதியதை எந்த ஆதாரத்தில் எழுதினேன் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். நேற்று உயர்சுருதிச் சோதனை செய்துகொண்டேன். 8 கிலோஹெர்ட்ஸ் வரை இயல்பாக இருக்கிறது, 10இல் சரியத் தொடங்குகிறது, 12.5இல் கருவியின் முழு ஒலிக்கும் இரு காதுகளும் பதில் தரவில்லை. இரண்டு காதுகளும் ஒரே மாதிரி, அடிப்பகுதியிலிருந்து மேல்நோக்கி இழந்திருப்பது மருந்தின் வழக்கமான தடம். வயதின் வழக்கமான தடமும் அதுவேதான். எனக்கு இப்போது 45 வயது. 22 வயதில் ஊசிக்கு முந்தைய நாள் எடுத்த ஒரு வரைபடம் இருந்திருந்தால் இரண்டையும் பிரித்துச் சொல்லியிருக்கலாம். என்னிடம் இருப்பது ஒரு தொலைக்காட்சி ஊளையின் நினைவு மட்டுமே. மார்ச் 3ஆம் தேதி வாக்கியத்தை "அழிந்திருக்கக்கூடியவர்களுக்கு" என்று திருத்திப் படிக்கவும்.